இடுப்பு மூட்டின் கிண்ணம் தேய்ந்திருந்தால் பாதி மூட்டு மாற்று போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. முடக்குவாதத்துக்குப் பல ஆண்டுகளாக மெத்தோட்ரெக்ஸேட், ஸ்டீராய்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். நேற்று குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருக்கிறது. இடுப்பு மூட்டின் கிண்ணமும் (தொடை எலும்பின் பந்து போன்ற தலை உட்காரும் குழி) தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிகிறது. அதுவரை கம்பு இல்லாமல் நடந்தவர். திருகாணி, பாதி மூட்டு, முழு மூட்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உறவினர்களோ கட்டுப் போட்டால் போதும் என்கிறார்கள்.

பதில்: கட்டு வேண்டவே வேண்டாம். இந்த இடத்து முறிவு கட்டுக்கு அடங்காது. படுக்கையில் கிடத்தினால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். விழுந்த 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. உங்களுக்கு ஒரு நாள் போய்விட்டது.

பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. எலும்பு விலகும்போது அவையும் அறுபடலாம். திருகாணி போட்டாலும் எலும்பு கூடாமல் போகலாம், பந்து செத்துப்போகலாம். ஸ்டீராய்டால் மெலிந்த எலும்பில் திருகாணிக்குப் பிடிமானமும் குறைவு.

பாதி மாற்றில் பந்துக்குப் பதில் உலோகப் பந்து வைப்பார்கள். அறுவை சீக்கிரம் முடியும், மூட்டு நழுவும் ஆபத்தும் குறைவு. உடல் தளர்ந்து, வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பந்து உட்காரப்போவது பழைய கிண்ணத்தில். குருத்தெலும்பு போன கிண்ணத்தில் உலோகம் உரசினால் வலி தீராது. பிறகு இன்னோர் அறுவைக்குப் போக நேரிடலாம். நடமாடிக்கொண்டிருந்த உங்கள் அம்மாவுக்கு, இதயமும் நுரையீரலும் இடம் கொடுத்தால், பந்தோடு கிண்ணத்தையும் மாற்றும் முழு மூட்டு மாற்றுதான் என் தேர்வு. நழுவும் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் அதில் பழக்கமுள்ள மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். (முறிவு கழுத்துக்குக் கீழே இருந்திருந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் கம்பி வைத்துப் பொருத்துவதே வழக்கம்.)

மயக்க மருத்துவரிடம் முடக்குவாதத்தைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். இந்நோயில் கழுத்து முள்ளெலும்புகள் தளர்ந்திருக்கக்கூடும்; முன்கூட்டியே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட்டையும் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள். 'பாவம், படுத்திருக்கட்டும்' என்று குறுக்கே நிற்காதீர்கள். சம்மணமிடுவதும் குத்துக்காலிடுவதும் இனி கூடாது. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும். வீடு திரும்பும் முன், எலும்பு அடர்த்திக்கான மருந்தை எப்போது தொடங்குவது என்று நீங்களே கேளுங்கள். பல இடங்களில் அது விட்டுப்போகிறது, அடுத்த இடுப்பும் முறிகிறது.