பீட்டா டிரைவர் போட்ட பிறகு கணினி அடிக்கடி விழுகிறது, கார்டு பழுதா?

கேள்வி: கல்முனையில் இருக்கிறேன். புது கேமுக்காக கிராபிக்ஸ் கார்டின் பீட்டா டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளின் சோதனைப் பதிப்பை) போட்டேன். அன்றிலிருந்து நீலத் திரை வந்து கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். டிரைவர் மாற்றிய அன்றே தொடங்கிய கோளாறு என்றால் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான்.

நீலத் திரையில் இருப்பதை போனில் படம் எடுத்து வையுங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' (VIDEO_TDR_FAILURE) என்றிருந்தால், கார்டு குறித்த நேரத்துக்குள் (வழக்கமாக 2 விநாடி) பதில் தரவில்லை, விண்டோஸ் அதை மீட்கப் பார்த்தும் முடியவில்லை என்று அர்த்தம். மீட்க முடிந்த தடவைகள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் பதிவாகும். பீட்டா போட்ட தேதிக்குப் பிறகுதான் அவை வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் பழைய நிலையான டிரைவருக்குத் திரும்புங்கள். டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்வது சுலபம், ஆனால் பீட்டாவின் மிச்சங்கள் சில நேரம் தங்கிவிடும். நான் சொல்வது இதுதான்: நிலையான பதிப்பை முதலில் இறக்கி வையுங்கள். இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் (விண்டோஸை அடிப்படை டிரைவர்களோடு மட்டும் திறக்கும் முறை) டிடியு (DDU) என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளால் கிராபிக்ஸ் டிரைவரை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். இணையம் இருந்தால் விண்டோஸ் அப்டேட் இடையில் புகுந்து தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும். ஓவர்கிளாக் (கார்டை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகும் விழுந்தால் சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்கள். நம் கரையோர உப்புக்காற்றில் கார்டின் விசிறியில் தூசி ஈரத்தோடு அப்பிக்கொள்ளும். கணினியை அணைத்து, வயரைக் கழற்றி, காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். கடைசியாக, கார்டை நண்பர் ஒருவரின் கணினியில் நிலையான டிரைவரோடு ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் மட்டும் கடைக்காரர் சொன்னது சரி.