இன்னும் ஒரு பிடி புண்ணாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்பாடியில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக, அன்றன்று நடந்த நல்லவை மூன்றை நோட்டில் எழுதிவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் சந்தோஷமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்கிறேன். மனசு லேசாகிறது. நண்பனோ 'உன்னையே நீ ஏமாத்திக்கிறே' என்கிறான். எனக்கு ஒரு குறையும் இல்லை. குடியாத்தத்தில் தனியாக இருக்கும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறார். நான் செய்வது ஏமாற்றா?

க.

அன்புள்ள க.,

நோட்டில் எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை, எழுதுங்கள். கண்ணாடியை விட்டுத்தள்ளுங்கள். நண்பர் சொன்ன வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. போன வாரம் ஊருக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றங்கரை. அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. கிணறும் அரை ஏக்கர் கழனியும் இருந்தன. நான் பள்ளியில் படிக்கும்போது, தோல் கம்பெனிகளின் கழிவுநீர் இறங்கிக் கிணற்றில் உப்பு ஏறியது. செம்பில் ராத்திரி பிடித்து வைத்தால் காலையில் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டலாம். 'நம்ம கெணறு நல்லாத்தான் இருக்குது' என்பார் அப்பா. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறும். அப்பா ஒன்றும் பேசாமல் இன்னும் ஒரு பிடி புண்ணாக்கைக் கரைப்பார். அப்புறம் குடிக்கும்.

தண்ணீர் நல்லது என்று நிஜமாக நம்புகிறவர் எதற்குப் புண்ணாக்கைக் கூட்ட வேண்டும்? தன்னை ஏமாற்றிக்கொள்கிறவனுக்கு உண்மை தெரியாது என்கிறார்களே, அது சுத்தத் தவறு. அவனுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று தெரிந்தால்தானே அந்தப் பக்கம் திரும்பாமலே காலம் தள்ள முடியும்? அதற்கு வீடே ஒத்தாசை செய்யும். வடித்த சோறு மஞ்சளாக இருக்கும். அம்மா மோர் ஊற்றிப் பிசைந்துதான் தட்டில் வைப்பாள். நான் பள்ளிக்கூடத்திலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து, தாகமில்லை என்பேன். கம்பெனிச் சம்பளத்தில்தான் என் படிப்பு ஓடியது. சந்தோஷமாகவும் இருந்தோம், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாழ், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். 'இதெல்லாம் எனக்குத் தெரியாதா' என்றார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

சரி, உங்கள் கடிதம். நோட்டையும் கண்ணாடியையும் பற்றி இவ்வளவு எழுதியவர், அம்மாவை ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதிலும் 'நன்றாகத்தான்'. அந்தத் 'தான்' எங்கள் வீட்டில் பல வருடம் புழங்கியது, எனக்குத் தெரியும். கோபமாகத்தான் கேட்கிறேன்: காட்பாடியில் ரயில் ஏறினால் குடியாத்தம் எவ்வளவு தூரம்? கடைசியாக எப்போது போனீர்கள்? இந்த ஞாயிறு போங்கள். அடுப்படியைப் பாருங்கள், மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ராத்திரி அங்கேயே தங்குங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.