நாசா படத்துக்கு லைசென்ஸ் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். விண்கலங்கள் எடுத்த கோள்கள், நிலாக்களின் படங்களைப் போட்டு 12 தாள் மாதக் காலண்டர் அடிக்கப் போகிறேன். பாதிப் பிரதிகள் ஒரு நகைக்கடைக்கு, மீதி கடை விற்பனைக்கு. படம் தரும் ஏஜென்ட் ஒருவர், "நாசா படம் ஒவ்வொன்றுக்கும் வருடாந்திர லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் வரும்" என்கிறார். சான்றிதழும் தருவாராம். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கட்ட வேண்டாம். அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு ஆபீஸில் மாட்டலாம், வேறு உபயோகம் இல்லை. அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் எடுக்கும் படங்களுக்கு அந்த நாட்டுச் சட்டப்படி காப்பிரைட் கிடையாது. பல கோள் விண்கலங்களை இயக்கும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தை நடத்துவது கால்டெக் என்ற தனியார் பல்கலைக்கழகம். அவர்களும் பொதுவாகக் காசு கேட்பதில்லை, படத்துக்குக் கீழே 'நாசா/ஜேபிஎல்-கால்டெக்' என்று போடச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

காசு போவதைவிட நான் பயப்படுவது கையெழுத்துக்குத்தான். ஏஜென்ட் நீட்டும் தாளில் 'இத்தனை பிரதி, ஓராண்டு மட்டும்' என்று இருக்கும். காப்பிரைட்டே இல்லாத படம்தான். ஆனால் நீங்களே ஒப்பந்தம் போட்டுக் கையை கட்டிக்கொண்டால், அடுத்த வருடம் அதே படத்தை அடிக்கும்போது ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று அவர் வந்து நிற்கலாம். தேடி எடுத்துக் கொடுத்த கூலி என்று கேட்டால் கொடுங்கள், அது நியாயம். உரிமை என்ற பெயரில் கேட்டால், "உரிமையாளர் யார், எழுத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் போன் அதோடு நின்றுவிடும்.

படத்தை நீங்களே இறக்கலாம். நாசாவின் கோள் படங்கள் பலவற்றுக்கு 'பிஐஏ' என்று தொடங்கும் எண் உண்டு. 2013 ஜூலை 19 அன்று கசினி விண்கலம் சனியின் நிழலுக்குள் இருந்து எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள்: கோளுக்குப் பின்னால் சூரியன், வெளிச்சம் ஊடுருவிய வளையங்கள், ஓரத்தில் புள்ளியாக நம் பூமி. அதன் எண் பிஐஏ17172. அந்த எண்ணைத் தேடி, தரம் குறையாத பெரிய டிஃப் பைலை எடுங்கள். ஏஜென்ட்கள் அனுப்புவது பல நேரம் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஜேபெக்கை இழுத்துப் பெரிதாக்கியது. திரையில் பளிச்சென்று இருக்கும். அச்சில் வளையத்தின் மெல்லிய கோடுகள் படிக்கட்டாக உடையும், பூமிப் புள்ளி காணாமல் போகும்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வியாழனைத்தான். எண்ணெய் வண்ண ஓவியம் போல நீலச் சுழல்களோடு வரும் வியாழன் படங்களைத்தான் காலண்டர்காரர்கள் முதலில் கேட்பார்கள். அவை 2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலத்தின் ஜூனோகேம் எடுத்தவை. அந்தக் கேமராவை வைத்ததே பொதுமக்களுக்காக. விண்கலம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே எடுப்பதால் படம் பட்டை பட்டையாக, மங்கலாக வருகிறது. அதை அப்படியே தளத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆர்வலர்கள் இறக்கி, பட்டைகளைச் சேர்த்து, நிறத்தைத் தூக்கி, மறுபடி ஏற்றுகிறார்கள். மூலப் படத்துக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். ஒட்டி மெருகேற்றிய படத்தில் அந்த ஆர்வலரின் உழைப்பு இருக்கிறது, நிபந்தனை அவருடையது. ஆகவே கிரெடிட் வரியைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். நாசா, ஜேபிஎல் எல்லாம் முடிந்த பிறகு 'இமேஜ் பிராசஸிங்' என்று ஒரு தனி ஆளின் பெயர் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். பக்கத்தில் 'சிசி பை' (பெயர் போட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்) என்று மட்டும் இருந்தால் பெயரையும் அந்த லைசென்ஸையும் அச்சிட்டுப் பயன்படுத்தலாம். 'என்சி' என்ற இரண்டு எழுத்து சேர்ந்திருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது; உங்கள் காலண்டர் வியாபாரம்தான், நகைக்கடை இலவசமாகக் கொடுத்தாலும் சரி. ஒன்றுமே போடவில்லை என்றால் இலவசம் என்று நினைக்காதீர்கள், அவருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.

ஐரோப்பிய விண்வெளி அமைப்பான ஈசாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம் எடுத்த செவ்வாய் படங்கள் பலவற்றை 'சிசி பை-எஸ்ஏ' நிபந்தனையில் தருகிறார்கள்; பெயரையும் லைசென்ஸையும் போட வேண்டும், படத்தை மாற்றினால் மாற்றியதையும் அதே லைசென்ஸில்தான் தர வேண்டும்.

மங்கள்யான் படமும் வேண்டும் என்பீர்கள். அங்கேதான் வயிற்றெரிச்சல். அமெரிக்கர் வரிப்பணத்தில் எடுத்த சனியைச் சிவகாசியில் தாராளமாக அடிக்கலாம். நம் வரிப்பணத்தில் எடுத்த செவ்வாய்க்கு, நம் சட்டத்தில் அரசுப் படைப்பு என்ற கணக்கில் 60 ஆண்டு காப்பிரைட்! விற்பனைக் காலண்டர் என்று தெளிவாகச் சொல்லி இஸ்ரோவுக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பிளேட் போடுங்கள். அரசுப் பதில் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும், எனவே அந்த மாதத்துக்கு ஒரு மாற்றுப் படம் கையில் இருக்கட்டும்.

அப்புறம் நகைக்கடைக்காரர். "நாசா லோகோவை நம்ம கடைப் பெயர் பக்கத்தில் போடுங்கள்" என்று அவர் கட்டாயம் கேட்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். படம்தான் இலவசம், லோகோ அல்ல. நாசா அந்தக் கடையை ஆதரிப்பது போலத் தோன்றும் எந்த வாசகமும் கூடாது. படத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிரெடிட் வரி மட்டும் இருக்கட்டும்; டிசைனர் இடம் பத்தவில்லை என்று அதை வெட்டிவிடாமல் புரூஃபில் பார்த்துக்கொள்ளுங்கள்.