பாதி வரிதான் பதிவாகிறது: சிப்பில் கோளாறு இல்லை

வணக்கம் நண்பரே. டிஎஸ்3231 கடிகார மாட்யூலில் உள்ள 24சி32 ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் டேட்டா அழியாத மெமரி சிப்) 20-ஆம் முகவரியிலிருந்து 40 எழுத்து எழுதினால் முதல் 12 மட்டும் சரியாக வருகிறது, மற்றதெல்லாம் 255 (எதுவும் எழுதாத இடத்தின் மதிப்பு), 0-ஆம் முகவரியில் வைத்திருந்த செட்டிங்கும் அழிந்துவிட்டது என்கிறீர்கள். தயவுசெய்து சிப்பை மாற்றிவிடாதீர்கள், அது நன்றாகவே இருக்கிறது.

அந்த 12-தான் துப்பு. இந்த சிப்பில் ஒரு பேஜ், அதாவது ஒரே தடவையில் எழுதக்கூடிய பகுதி, 32 பைட் (ஒரு எழுத்துக்கு ஒரு பைட்). 20 முதல் 31 வரை 12 பைட் போனதும் பேஜ் முடிந்துவிடுகிறது. அப்புறம் வரும் பைட்டை சிப் 32-இல் எழுதாது. அதே பேஜின் தொடக்கத்துக்குத் திரும்பி 0, 1, 2 என்று இருப்பதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். உங்கள் செட்டிங் போனது அப்படித்தான்.

கூடவே இன்னொன்று. ஆர்டுயினோ ஊனோ போர்டில் சிப்போடு பேச உதவும் வயர் லைப்ரரியின் பஃபர் (டேட்டா தற்காலிகமாகத் தங்கும் இடம்) 32 பைட்தான். முகவரிக்கே 2 பைட் போவதால் ஒரு தடவைக்கு 30 பைட் டேட்டாதான் அனுப்ப முடியும். கடைசி 10 எழுத்து சிப்புக்குப் போய்ச் சேரவே இல்லை.

வரியை 20–31, 32–47, 48–59 என்று மூன்று துண்டாக எழுதுங்கள். ஒவ்வொரு துண்டையும் உள்ளே பதிய சிப்புக்கு 10 மில்லிசெகண்ட் வரை ஆகலாம். அதுவரை பஸ்ஸில் (போர்டையும் சிப்பையும் இணைக்கும் கம்பிகளில்) எதற்கும் பதில் தராது. டிலே போட்டு அவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வேலை நடக்கும். ஆனால் வயர் லைப்ரரியின் என்ட்டிரான்ஸ்மிஷன் 0 (சிப் பதில் தந்துவிட்டது என்று பொருள்) தரும்வரை சிப்பைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுதான் நல்ல வழி, வீணாகக் காத்திருக்க வேண்டாம்.

படிக்கும்போது பேஜ் தொல்லை கிடையாது. பஃபர் வரம்பு மட்டும் அங்கும் உண்டு, அதனால் 20 பைட்டாக இரண்டு தடவை படியுங்கள்.