12 அடியா 14 அடியா? முதல்ல மச்சான் அட்வான்ஸ முடிங்க

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் 40 ஏக்கர் குளத்துல மீன்பாசி குத்தகை எடுத்து நாலு வருஷமா மீன் வளக்கேன், இன்னும் ரெண்டு பசலி (ஜூலைல ஆரம்பிச்சு ஜூன்ல முடியுற குத்தகை வருஷம்) பாக்கி இருக்கு. இதுவரை லாரி ட்யூபும் தெர்மாகோலும் கட்டித்தான் வலை போடுதோம். இப்ப அடி தட்டையா இருக்குற அலுமினிய படகு ரெண்டு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு 12 அடி நீளம், அடிப்பாகம் 36 இஞ்ச் அகலம், 85,000. இன்னொண்ணு 14 அடி, 48 இஞ்ச், 1,35,000, அதுக்கு பழைய மோட்டார் 60,000. வீட்டுக்காரியோட அண்ணன் மீன் வியாபாரி, நம்ம மீன் பூரா அவருதான் எடுக்காரு. 14 அடியே வாங்கு மாப்ள, மொத்த துட்டும் அட்வான்ஸா தாரேன்ங்காரு. ஏற்கனவே அவர்ட்ட வாங்குன 80,000 நாலு வருஷமா நிக்கி, ஒத்த பைசா வட்டி வாங்குனதில்ல. மார்க்கெட்ல கட்லா 150 போனா 130 போடுவாரு, பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு. வருஷம் 3,500 கிலோ பக்கம் மீன் வரும். கையில 50,000 இருக்கு, அத பேங்க்ல ஒரு மேடம் யூலிப்ல (இன்சூரன்ஸும் முதலீடும் சேந்த திட்டம்) போடச் சொல்லுதாங்க. செல்போன் ஆப்ல 85,000 லோன் கிடைக்கு, மாசம் 9,000 வச்சு 12 மாசம் கட்டணுமாம். வீட்ல 6 பவுன் நகை இருக்கு. எந்த படகு வாங்கட்டும்?

பதில்: தம்பி, லெட்டர்ல முக்கால்வாசி படகப் பத்திதான் எழுதிருக்கீங்க, ஆனா உங்க துட்டு போற வழி படகு இல்ல, "ஒத்த பைசா வட்டி வாங்குனதில்ல"ன்னு போற போக்குல எழுதுனீங்கல்லா, அந்த வரிதான். நீங்க குடுத்த நம்பரையே வச்சு குத்துமதிப்பா ஒரு கணக்கு போடுதேன், பேப்பர் எடுத்து கூடவே எழுதுங்க.

3,500 கிலோல கழிவுன்னு 350 கிலோ போயிருது. மீதி 3,150 கிலோவுக்கு 130 வச்சா 4,09,500 உங்க கைக்கு வருது. அதே மீன வெளிய 150க்கு குடுத்தா 5,25,000. ரோகு, மிர்காலு விலை முன்னப்பின்ன இருக்கும், எனக்கும் தெரியும், கணக்குக்காக ஒரே விலையா போட்டுருக்கேன். வெளிய குடுத்தா கமிஷன், ஐஸ், வண்டி வாடகை எல்லாம் உண்டு, அதுக்கு தாராளமாவே 40,000 தள்ளிருவோம். அப்பவும் வித்தியாசம் 75,000 வருது தம்பி. 80,000 ரூவா அட்வான்ஸுக்கு வருஷா வருஷம் 75,000. ஊர்ல ரெண்டு வட்டிக்கு வாங்கிருந்தா கூட வருஷத்துக்கு 19,200தான் ஆகும். நாலு வருஷத்துல மூணு லட்சம் போயிருக்கு, அசல் 80,000 அப்படியே நிக்கி. வட்டின்னு பேரு சொல்லி வாங்கிருந்தா நீங்களே முதல் வருஷத்துலயே சுதாரிச்சிருப்பீங்க, இது தராசுல கழியுறதால கண்ணுக்கு தெரியல.

மச்சான கெட்ட மனுஷன்னு நான் சொல்லல. மீன் யாவாரத்துல அட்வான்ஸ் குடுத்து மீனப் பிடிச்சு வைக்கிறது எல்லா ஊர்லயும் இருக்கு, அவருக்கும் அது தொழிலு. ஆனா அவரு ஏன் 14 அடிய வாங்கச் சொல்லுதாருன்னு ஒரு நிமிசம் யோசிங்க. 1,95,000 சேந்தா மொத்தம் 2,75,000 ஆயிரும், ரெண்டு பசலில அத உங்களால அடைக்க முடியாது. ஜூன் 30ஓட பசலி முடிஞ்சு அடுத்த ஏலத்துல குளம் வேற ஆளுக்கு போச்சுன்னா படகும் கடனும் மட்டும் உங்க வீட்டு வாசல்ல நிக்கும். அதுக்கு நடுவுல 2023 டிசம்பர் 17, 18 மாதிரி ஒரு மழை வந்தா என்ன செய்வீங்க? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது, நம்ம திருநெல்வேலி மாவட்டத்துலயும் தூத்துக்குடி மாவட்டத்துலயும் குளங்கரை உடைஞ்சு வளத்த மீன் பூரா வெள்ளத்தோட போச்சு. மீன் போனாலும் அட்வான்ஸ் போகாது.

சரி, படகுக்கு வாரேன். 12 அடி போதும். அடி தட்டையா இருக்குறதால நாலஞ்சு இஞ்ச் தண்ணில கூட மிதக்கும், குளம் வத்துற மாசி, பங்குனில உங்களுக்கு வேண்டியது அதுதான். எடையும் 50, 60 கிலோ பக்கம்தான் இருக்கும், ரெண்டு பேரு தூக்கி குட்டியானைல ஏத்திரலாம். 48 இஞ்ச் அகலம்னா 100 கிலோ பக்கம் வந்துரும், குளத்துல எறக்கவே நாலு ஆளு தேடணும். மோட்டாரு வேண்டவே வேண்டாம். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) கிடக்குற குளத்துல மோட்டார் விசிறில செடி சுத்தி பத்து நிமிசத்துக்கு ஒருக்க நிறுத்தி பிடுங்கிட்டு கிடக்கணும், 40 ஏக்கர்ல துடுப்பும் கழியும் தாராளம். 14 அடிக்கு ஒரு நல்லது உண்டு, ஆடிக் காத்துல தண்ணி அலையடிக்கும்போது அது அசையாம நிக்கும், ஆனா நீங்க ஆடில மீன் பிடிக்கப் போறதில்ல. 12 அடில நின்னு வலை இழுக்கும்போது ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாயக்கூடாது, அத மட்டும் கூட வாரவர்ட்ட சொல்லி வைங்க.

துட்டு குடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. படக ரெண்டு மரக்கட்டை மேல தூக்கி வச்சு உள்ள அரை அடி தண்ணி ஊத்தி கால் மணி நேரம் விடுங்க, அப்புறம் குனிஞ்சு அடில ரிவெட் (தகட்ட சேத்து அடிச்ச ஆணி) வரிசைய கைய வச்சு தடவிப் பாருங்க. கசிவு இருந்தா கை ஈரமாயிரும். நம்ம குளத்துக்குள்ள வேலிக்கருவை கட்டை முங்கி கிடக்கும், அதுல இடிச்சு இடிச்சு ரிவெட் லூசாகும். வெல்டிங் அடிச்ச படகுன்னா தகடு தடிமனா இருக்கும், அஞ்சாறாயிரம் கூடக் கேட்டாலும் குடுக்கலாம்.

துட்டுக்கு இப்படி போங்க. நகைய பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ வச்சு 1,40,000 எடுங்க. அதுல 80,000 நேரா மச்சானுக்கு. மீதி 60,000, கையில உள்ள 50,000, ஆக 1,10,000. படகு 85,000, லைஃப் ஜாக்கெட் ரெண்டும் துடுப்பும் 5,000 (நீச்சல் தெரியும்னு ஜாக்கெட்ட விட்றாதீங்க), 20,000 கையில நிக்கட்டும். வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சா கூட வட்டி 14,000. இந்தப்பக்கம் 75,000 மிச்சமாகுது, வட்டி போக 61,000 நிக்கி. பங்குனி, சித்திரைல மீன் வித்த துட்டுல நகைய மீட்டுருங்க. வட்டிய மட்டும் கட்டி திருப்பி வைக்கிற பழக்கத்துக்கு போயிறாதீங்க, அப்புறம் மச்சான் இடத்துல பேங்க் வந்து உக்காந்துரும்.

யூலிப் உங்களுக்கு இப்ப ஆகாது. அஞ்சு வருஷத்துக்கு துட்ட எடுக்க முடியாது, வருஷா வருஷம் கட்டவும் சொல்லுவாங்க, கடன் வச்சிருக்குற ஆளுக்கு எதுக்கு அது. மேடத்துக்கு டார்கெட் இருக்கும், அது உங்க பிரச்சினை இல்ல. ஆப் லோன் அதவிட மோசம். 85,000க்கு 1,08,000 கட்டணும், மாசா மாசம் அசலும் குறையுறதால சராசரியா பாதித் துட்டுதான் உங்க கையில நிக்கும், அப்படிப் பாத்தா வட்டி 50 சதவீதத்த தொடுது. அதுவும் உங்களுக்கு வருமானம் மூணு மாசம்தான், ஐப்பசில 9,000க்கு எங்க போவீங்க?

அடுத்த தடவை குஞ்சு, தீவனம், குத்தகைப் பணம் கட்டுறதுக்கு யார்ட்டயும் அட்வான்ஸ் கேக்காதீங்க. கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்ல இருந்து மீன் வளக்குறவங்களுக்கும் உண்டு, ஒரு வரம்பு வரைக்கும் வட்டி 7 சதவீதம், தேதிக்கு கட்டுனா 3 சதவீதம் கழிஞ்சு 4தான். குத்தகைப் பத்திரம் உங்க பேர்ல இருந்தா அத எடுத்துட்டு பேங்குக்கு போங்க. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல மானியம் பொதுவா 40 சதவீதம், பெண்கள் பேர்ல 60. படகுக்கு உண்டா, இந்த வருஷம் மனு வாங்குறாங்களான்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல ஒரு எட்டு கேட்டுட்டு வாங்க. ஆனா மானியம் வரும்னு நம்பி கடன் வாங்காதீங்க, வந்தா வரட்டும்.

இனி மச்சான்ட்ட பேசுறது. முதல்ல வீட்ல இந்தக் கணக்க காட்டுங்க, அவங்க அண்ணன் விஷயம், வெளியாளு மூலமா தெரியக்கூடாது. அப்புறம் ரெண்டு பேருமா போயி, நகை வச்ச துட்ட கையில குடுத்து, "மச்சான், நாலு வருஷம் ஒத்தாசையா இருந்தீங்க, இந்தா உங்க 80,000, நோட்டுல வரவு வச்சிருங்க"ன்னு சொல்லி அவரு எழுதுறத பாத்துட்டு வாங்க. கோவப்படுவாரு, ஒரு மாசம் பேசாம கூட இருப்பாரு. மீன் பிடிக்க ஆரம்பிக்கும்போது அவரே வந்து மார்க்கெட் விலைக்கு எடுக்கேன், கழிவு வேண்டாம்னு சொன்னா தாராளமா அவருக்கே குடுங்க, அன்னைக்கு மீனுக்கு அன்னைக்கே துட்டு. தராசு மட்டும் உங்களோடதா இருக்கட்டும்.