பழைய பதிவும் இன்றைய பெயரும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

2006 முதல் சிங்கப்பூரில் மக்கள் தொடர்பு வேலை பார்க்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் பிரண்ட்ஸ்டர் என்ற அந்தக்காலச் சமூக வலைத்தளத்தில் இருந்தார்கள், ஃபேஸ்புக் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. பழைய சமூக வலைப் பதிவுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது பிரண்ட்ஸ்டரில் கண்டபடி எழுதியிருக்கிறேன். இப்போது வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். அதெல்லாம் எங்காவது கிடக்குமா? (யீஷூன், 38 வயது)

தம்பி, பிரண்ட்ஸ்டரை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். 2009 கடைசியில் அதை மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் வாங்கியது. 2011 மே 31க்குப் பிறகு படங்கள், வலைப்பதிவுகள், நண்பர்கள் எழுதிய டெஸ்டிமோனியல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதை விளையாட்டுத் தளமாக மாற்றினார்கள். 2015இல் அதுவும் நின்றது. மூடுவதற்கு முன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு பொதுப் பக்கங்களில் ஒரு பகுதியை நகல் எடுத்து வைத்தது உண்மை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அதைத் தோண்டிப் பார்ப்பது மிக அரிது.

அந்த டெஸ்டிமோனியலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள், அதை ஊரே படித்தது. நம் பெயர் அடுத்தவர் கையில் இருக்கிறது என்பதை நம்மில் பலர் முதலில் அங்கேதான் பார்த்தோம். அது இன்றும் மாறவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது 2007 முதல் 2014 வரையிலான ஃபேஸ்புக். 2009 டிசம்பரில் ஃபேஸ்புக் தனியுரிமை அமைப்புகளை மாற்றியபோது, அதுவரை மறைத்து வைத்திருந்த நண்பர் பட்டியல் போன்றவை பலருக்குப் பொதுவில் வந்துவிட்டன. அதற்காக அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2011இல் சமரசம் ஆனது. புதிதாகச் சேர்கிறவரின் பதிவு தானாகவே 'நண்பர்களுக்கு மட்டும்' என்று போகத் தொடங்கியதே 2014 மே மாதத்தில்தான். அதற்கு முன் நீங்கள் எதையும் மாற்றாமல் எழுதியது பொதுவில் கிடக்கலாம்.

கணக்கிலிருந்து வெளியேறி, தனிப்பட்ட உலாவல் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். அப்புறம் அமைப்புகளுக்குள் போனால், பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது நீங்கள் எழுதியதை மட்டுமே சுருக்கும். நண்பன் போட்டு உங்களை டேக் செய்த படத்துக்கு நண்பனிடம்தான் கேட்க வேண்டும். நேராகப் போன் போட்டுக் கேளுங்கள், குறுஞ்செய்தி வேண்டாம்.

என் பெயரைத் தேடினால் வழக்கில் சிக்கிய வேறொருவர்தான் முதலில் வருகிறார். நான் என்ன செய்வது?

தமிழர்களாகிய நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் நடக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்) போட்டு அப்பா பெயர் இருக்கும், ஆனால் வெளியில் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதும்போது முத்துக்குமாருக்கு ஓரிடத்தில் 'டி' மட்டும், இன்னோரிடத்தில் 'டிஎச்', வேறோரிடத்தில் இடைவெளி விட்டு. இப்படி மூன்று விதமாக எழுதினால் தேடுபொறிக்கு நீங்கள் மூன்று ஆள். நீங்கள் செய்த நல்ல வேலையெல்லாம் சிதறிப் போகிறது, அந்த வழக்குச் செய்தி மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது.

அப்பா பெயரோடு சேர்த்து ஓர் எழுத்துமுறையை முடிவு செய்யுங்கள். லிங்க்ட்இன், தொழில்முறைச் சங்கப் பக்கம், தொண்டூழியம் செய்யும் அமைப்பின் பட்டியல், எல்லா இடத்திலும் அதே எழுத்து, அதே முகப்படம். பலன் தெரிய மாதங்கள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அந்த லிங்க்ட்இன் முகவரியையும் கொடுத்துவிட்டால், ஆள் எடுக்கிறவர் குழம்ப மாட்டார்.

தேக்கா பக்கம் உணவுக்கடை வைத்திருக்கிறேன், மா. பத்து வருடத்துக்கு முன் ஒருவர் போட்ட மோசமான பதிவு இன்னும் மேலே வருகிறது. காசு கொடுத்தால் எடுத்துத் தருகிறோம் என்கிறார்கள்.

ஐயா, கொடுக்காதீர்கள். சொந்த அனுபவத்தை எழுதிய வாடிக்கையாளரின் பதிவை எடுக்க நேர்மையான வழி மிகக் குறைவு.

ஒரு கேட்டரிங் முதலாளி 2012இல் என்னைக் கூப்பிட்டார். சைவச் சாப்பாட்டுக்குச் சொன்ன ஒரு அம்மாவுக்குச் சம்பலில் நெத்திலி வந்துவிட்டது. அவர் படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். முதலாளிக்கு அதை அழிக்க வேண்டும், அவ்வளவுதான். சமையலறைக்குப் பின்னால் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து இருவரும் பதில் எழுதினோம். நான்கு முறை அழித்தோம், ஏனென்றால் நான்கிலும் 'ஆனால்' என்ற சொல் இருந்தது. ஐந்தாவதில் மூன்றே வரி: தவறு எங்களுடையது, இரண்டு சம்பலுக்கும் ஒரே கரண்டி பயன்படுத்தினோம், இனித் தனிக் கரண்டி. அன்று மாலை முதலாளியே போன் செய்து அம்மாவிடம் பேசினார். அந்த அம்மா பதிவை எடுக்கவில்லை, கீழே ஒரு வரி சேர்த்தார்: "கூப்பிட்டுப் பேசினார்கள்." அடுத்த மாதம் ஒரு கோவில் விருந்து முதலாளிக்குக் கிடைத்தது.

பெரிய நிறுவனங்களும் இதைப் பட்டுத்தான் கற்றன. 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் டாமினோஸ் ஊழியர்கள் இருவர் உணவை அசிங்கப்படுத்தும் காணொளியை யூடியூபில் போட்டார்கள். பதில் சொன்னால் இன்னும் பரவும் என்று நிறுவனம் முதலில் பொறுத்துப் பார்த்தது. அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துவிட்டார்கள். பிறகு அதன் தலைவர் அதே யூடியூபில் வந்து மன்னிப்புக் கேட்டார். புகார் எங்கே எழுந்ததோ அங்கேயே பதில் போக வேண்டும் என்று நாங்கள் இன்றும் சொல்வது அதனால்தான்.

பத்து வருடப் பதிவுக்கும் இன்று பதில் எழுதலாம், ஐயா. தேதி போட்டு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, பழைய தோழி போட்ட என் படத்தை எடுக்க வைக்கலாமா?

முடியாது. அந்தச் சட்டம் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, சொந்த விஷயமாகச் செயல்படும் தனிநபரை அல்ல. ஐரோப்பாவில் 2014 மே மாதம் கூகுளுக்கு எதிராக வந்த 'மறக்கப்படும் உரிமை' (தேடல் முடிவிலிருந்து தன்னைப் பற்றிய பழைய இணைப்பை எடுக்கச் சொல்லும் உரிமை) தீர்ப்பையும் சிலர் இங்கே காட்டுகிறார்கள். அது அந்த ஊர்ச் சட்டம். ஆனால் யாராவது உங்களைத் தொல்லை செய்யும் நோக்கத்தோடு படம், தொலைபேசி எண், வேலையிடம் என்று போட்டால், 2020 ஜனவரி முதல் அது தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் குற்றம். தேதி தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு போலிசிடம் போங்கள். 2021 முதல் இதற்கென்றே தனி நீதிமன்றமும் இருக்கிறது.

பழையதை யாராவது கிளப்பிவிட்டால் அழிப்பதா, மன்னிப்புக் கேட்பதா?

யாரும் பேசாத நேரத்தில் அழிப்பது வீட்டைச் சுத்தம் செய்வது போல, தாராளமாகச் செய்யுங்கள். பேச்சு கிளம்பிய பிறகு அழித்தால் அழித்ததே செய்தியாகிவிடும், ஸ்கிரீன்ஷாட்களும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது விட்டுவைத்து, நான் எழுதியதுதான், தவறுதான் என்று அன்றே சொல்லுங்கள். ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன்னைப் பல வருடம் பழைய ட்வீட்டுகளுக்காக 2018 ஜூலையில் டிஸ்னி வேலையிலிருந்து நீக்கியது. அவர் சண்டைக்குப் போகவில்லை, பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 2019 மார்ச்சில் அதே வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் மழுப்பியவரை இப்படித் திரும்ப அழைத்து நான் பார்த்ததில்லை.

மகள் படத்தைப் பிறந்ததிலிருந்து போட்டு வருகிறேன். இப்போது அவளுக்கு 13 வயது. நிறுத்தணுமா?

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பாருங்கள். எது இருக்கலாம், எது வேண்டாம் என்று அவள் சொல்லட்டும். குளியல் படம், பள்ளிச்சீருடைப் படம் இரண்டையும் மட்டும் அவளைக் கேட்காமலே இன்றிரவு எடுத்துவிடுங்கள்.