கூகுளில் தேடினால் வேறெங்கோ போகிறது!

கேள்வி: குரோமில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கத்தில் போய் நிற்கிறது. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று மூலையில் அறிவிப்பு வேறு. ஃபார்மட் செய்துவிடவா?

பதில்: பொறுங்கள், ஃபார்மட் எல்லாம் கடைசியில்தான். அந்த அறிவிப்பு பெரும்பாலும் வெறும் விளம்பரம். 'ரோபோ இல்லை என்றால் அனுமதி கொடுங்கள்' என்று எப்போதோ ஒரு தளம் கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள் (நானும் ஒருமுறை அழுத்தியவன்தான்). குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் அடங்கிவிடும். அறிவிப்பில் போன் நம்பர் இருந்தால் அதற்கு மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

தேடல் திசைமாற வழக்கமான காரணம் எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமில் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி மென்பொருள். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் என்று இலவசமாக வந்து ஒட்டிக்கொண்டதை எல்லாம் தூக்குங்கள், அப்புறம் குரோம் செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள். நீக்கவே முடியாமல், வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று குரோம் காட்டுகிறதா? அப்படியென்றால் ஏதோ ஒரு மென்பொருள் விண்டோஸ் வரை கைவைத்திருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸுடனே வரும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்ற வைரஸ் தேடலை ஓடவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும், சுமார் 15 நிமிடம் ஆகும். அதுவரை பேங்க் வேலையை அந்தக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டாம், பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.